முதல் வண்டிக்குள் ஒரு சித்தப்பா!

டெலிபோன் அலறியது.

காலை எட்டு நாற்பது.

ஏட்டு வாயிலிருந்த பிஸ்கட்டை அப்படியே விழுங்கிவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"போலீஸ் ஸ்டேஷன்..."

"சார்! கொலை சார், கொலை!" மறுமுனையில் ஓர் ஆண் குரல் கீச்சிட்டது. "டெல்வரா கார் மியூசியத்துல இருந்து பேசறேன். நான் இங்க காப்பாளர். முதல் வண்டிக்குள்ள பிணம் சார்!"

"மொத்தம் எத்தனை வண்டி இருக்கு அங்க?"

"நாப்பத்தொண்ணு சார்."

"மத்த நாப்பதுலயும் பார்த்துட்டீங்களா?"

எதிர் மேஜையிலிருந்து எழுந்து வந்த இன்ஸ்பெக்டர் ரிசீவரைப் பிடுங்கினாள். முப்பத்தைந்து வயது. சிரிப்பதற்கே மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பது போல ஒரு முகம்.

"எதையும் தொடாதீங்க. பத்து நிமிஷத்துல வர்றோம்!"

வந்தார்கள்.

மியூசியம் கல்யாண வீடு மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. வாசல் முழுக்கப் பூ. குறுக்கே ஒரு பேனர். 'டெல்வரா... நூறு ஆண்டுகள்! தொட்டிலைவிடப் பத்திரம்!'

பளிங்குத் தரையின் நடுவே, கயிறு கட்டிய மேடையில் முதல் வண்டி நின்றது. கறுப்பு உடம்பு. பித்தளை விளக்குகள். சிவப்புத் தோல் சீட். மேலே இரும்புச் சட்டம் போட்ட மடக்குக் கூரை.

பின் சீட்டில் ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். எண்பது வயது இருக்கும். வெள்ளை முடியில் ரத்தம். காலடியில் ஒரு பெரிய ஸ்பேனர்!

"யார் இவர்?"

காப்பாளர் நடுங்கினார். குச்சி உடம்பு. சட்டை அவரைவிட இரண்டு அளவு பெரியது.

"கம்பெனித் தலைவியோட சித்தப்பா மேடம். ரிட்டயர்டு சரித்திர புரொபசர். நூற்றாண்டு மலருக்காகக் கம்பெனி சரித்திரம் எழுதிட்டிருந்தார். அவர்கிட்ட தனிச் சாவி உண்டு. காலையில ஏழு மணிக்கே வந்திருப்பார் போல..."

ஏட்டு நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

'பிரேதம் குப்புறக் கிடந்த நிலையில்...'

"ம்ம்ம்..." என்றது பிரேதம்.

ஏட்டு இரண்டடி பின்னால் குதித்தார்.

"மேடம்! பிரேதம் முனகுது!"

"அப்ப அது பிரேதம் இல்லய்யா! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

"ஐயோ... உயிரோட இருக்காரா?" காப்பாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தாள்.

பிழைத்த மனிதருக்கு யாராவது 'ஐயோ' போடுவார்களா?

ஆம்புலன்ஸ் வந்தது. சித்தப்பாவை அள்ளிக்கொண்டு பறந்தது. அது போன வழியிலேயே ஒரு புன்னகை உள்ளே வந்தது. புன்னகைக்குப் பின்னால் ஒரு கோட்டு, சூட்டு.

"வணக்கம் மேடம்! நான் விளம்பர மேலாளர். டெல்வரா குடும்பத்தின் சார்பாக உங்களை..."

"நீங்க எப்ப வந்தீங்க?"

"எட்டே காலுக்கு மேடம். விழா வேலை."

"ஒருத்தர் மண்டை உடைஞ்சு கிடக்கார். அப்பவும் விழா வேலையா?"

புன்னகை அசையவில்லை. அதை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள் போல.

"மேடம், டெல்வராங்கிறது வெறும் கார் இல்ல. இதோட நிறுவனர் முதல்ல என்ன செஞ்சிட்டிருந்தார் தெரியுமா? குழந்தைங்களைத் தள்ளிட்டுப் போற வண்டி! தூங்கற குழந்தை முழிக்காத மாதிரி ஒரு மோட்டார் வண்டி செய்யணும்னு கனவு கண்டார். அதுல பிறந்ததுதான் இந்த முதல் வண்டி!"

"எட்டே காலுக்கு உள்ள வந்ததும் என்ன பார்த்தீங்க?"

"அதுக்கு அடுத்த மாடல்ல ஒரு மகாராணிக்குப் பிரசவமே ஆச்சு மேடம். வண்டி நிக்கவே இல்ல! தாய், சேய் நலம். டிரைவருக்குத்தான் மயக்கம்!"

"நான் கேட்டது..."

"சீட்டுல இருநூறு முட்டை அடுக்கி மலை மேல ஓட்டினோம். ஒண்ணுகூட உடையல! நூறு வருஷம் மேடம்! டெல்வராவுக்குள்ள உட்கார்ந்த ஒரு மனுஷனுக்குக்கூட ஒரு கீறல் விழுந்ததில்ல!"

"இன்னிக்கு விழுந்திருக்கே."

புன்னகையில் ஒரு ஆணி லேசாக ஆடியது.

"அது... கொலையாளி செஞ்சது மேடம். வண்டி செஞ்சது இல்ல."

'வண்டி செய்தது என்று யார் சொன்னார்கள்?'

இன்ஸ்பெக்டரின் புருவம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தது.

ஒன்பதரைக்குத் தலைவி வந்தாள். நிறுவனரின் பேத்தி. ஐம்பது வயது, சாம்பல் நிறக் கோட்டு, நிமிர்ந்த முதுகு. அவள் நடந்து வந்தால் லிஃப்ட்கூட எழுந்து நிற்கும் என்று கம்பெனியில் சொல்வார்கள்.

"பதினோரு மணிக்கு விழா. பத்திரிகைக்காரங்க வாசல்ல நிக்கிறாங்க. சீக்கிரம் முடிங்க" என்றாள்.

"முந்தாநாள் உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய சண்டையாமே?"

தலைவி காப்பாளரை ஒரு பார்வை பார்த்தாள். காப்பாளர் சட்டைக்குள் மேலும் சுருங்கினார்.

"அவர் எழுதின புத்தகத்தை வெளியிட மாட்டேன்னு சொன்னேன். முதல் வண்டியைப் பத்தி என்னமோ கண்டுபிடிச்சிருக்காராம். ஒரு அத்தியாயம் முழுக்க அதுதான்."

"என்ன எழுதியிருந்தார்?"

"படிக்கல."

"படிக்காமலேயே சண்டையா?"

"எங்க தாத்தா சரித்திரத்துல புதுசா யாரும் ஒரு எழுத்துகூடச் சேர்க்க வேண்டியதில்ல. அவர் பேரனும் பேத்தியும் காப்பாத்தற பேரு அது. பெத்த பிள்ளையே வந்து கெடுக்கலாமா? இதோட என் வீட்டு வாசப்படி மிதிக்காதீங்கன்னு சொல்லிட்டேன்."

குரலில் ஓர் இழை மட்டும் பிசிறியது. அடுத்த விநாடி அதையும் வெட்டிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் முதல் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"சரி. தடயவியல் ஆளுங்களை வரச் சொல்றேன். இந்த வண்டியைப் பிரிச்சுப் பார்க்கணும்."

"பிரிக்கறதா?" மூன்று குரல்கள் ஒன்றாக.

"ஆமா. ஆணி ஆணியா."

காப்பாளர் முன்னால் பாய்ந்தார்.

"வேண்டாம் மேடம்! நான்தான் அடிச்சேன்! ஸ்பேனரால பின்னால இருந்து... ஒரே போடு!"

ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"இல்ல மேடம்!" புன்னகை குறுக்கே வந்தார். "பாவம், அப்பாவி. என்னைக் காப்பாத்தப் பார்க்கறார். நான்தான் அடிச்சேன். முன்னால நின்னு... சிறந்த விளம்பரத்துக்கு எனக்குக் கொடுத்த கோப்பையால!"

ஏட்டு பக்கத்தைத் திருப்பினார்.

"ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க!" தலைவியின் குரல் கூடத்தில் எதிரொலித்தது. "சித்தப்பாவை அடிச்சது நான். குடைக் காம்பால. எழுதிக்கோங்க."

"மேடம்..." ஏட்டு பரிதாபமாகத் திரும்பினார். "என் இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு வாக்குமூலம் வாங்கவே நாக்குத் தள்ளும். இங்க என்னன்னா கியூவில நிக்கிறாங்க!"

"எழுதுங்க. மூணையும் எழுதி கையெழுத்து வாங்குங்க."

வாங்கினார். மூவரும் முகத்தில் ஒரு நிம்மதியோடு போட்டார்கள். புன்னகை தேதியைக்கூட அழகாக எழுதினார்.

அப்போது இன்ஸ்பெக்டரின் செல்போன் சிணுங்கியது.

டாக்டர்.

"உயிருக்கு ஆபத்தில்ல மேடம். ஆறு தையல். ஆனா ஒரு விஷயம்... காயம் உச்சந்தலையில. நேர்க் கோடு மாதிரி நாலு அங்குலம். மேல இருந்து நேரா கீழ விழுந்த அடி."

"ஸ்பேனர், இல்லேன்னா ஒரு கோப்பை, குடை... ஏதாவதா இருக்குமா?"

"சான்ஸே இல்ல. கோப்பை, குடை எதுவும் இல்ல. வண்டிக்குள்ள உட்கார்ந்திருந்தவரை ஒருத்தன் இப்படி அடிக்கணும்னா அவன் ஒன்பது அடி உயரம் இருக்கணும்!"

போனை வைத்தாள். மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். இருப்பதில் உயரமானவர் புன்னகை. ஐந்தடி எட்டு.

"ஒன்பது அடி ஆளைத் தேடச் சொல்லட்டுமா மேடம்?" என்றார் ஏட்டு ஆர்வமாக.

"வேண்டாம். ஆள் இங்கேயேதான் இருக்கான்."

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தாள்.

கூரை!

குறுக்கே ஓடிய கனத்த இரும்புச் சட்டம். அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் பித்தளைக் கொக்கிகள். இடது கொக்கியின் இடுக்கில் மூன்று வெள்ளை முடிகள்! வண்டி முழுக்க விழாவுக்காக மெழுகு பூசிப் பளபளத்தது. அந்தச் சட்டத்தின் நடுவில் மட்டும் யாரோ ஈரத் துணியால் துடைத்த தடம்.

"ஏட்டய்யா! தலை கனத்துல ஏதாவது கொண்டு வாங்க."

ஏட்டு வாசல் பக்கம் ஓடினார். திரும்பி வரும்போது அவர் தோளில் நிறுவனர் இருந்தார். வெள்ளைப் பிளாஸ்டர் சிலை. மார்பளவு, பெரிய மீசை.

"தாத்தாவைக் கீழ வைங்க!" என்றாள் தலைவி.

"வைக்கத்தாம்மா போறேன்."

நிறுவனரைப் பின் சீட்டில் உட்கார வைத்தார். இன்ஸ்பெக்டர் எட்ட நின்று, லத்தியால் இடது கொக்கியை ஒரு தட்டுத் தட்டினாள்.

டமார்!

கூரை மொத்தமாக இறங்கியது. நிறுவனரின் தலை தனியாக உருண்டு வந்து தலைவியின் காலடியில் நின்றது. மீசை மட்டும் முழுசாக இருந்தது.



"குற்றவாளி இவன்தான்" என்றாள் இன்ஸ்பெக்டர். "இப்ப யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்றீங்களா?"

காப்பாளர் உடைந்தார்.

"எட்டு மணிக்குக் கதவைத் திறந்தேன் மேடம். கூரை அவர் மேல கிடந்தது. அசைவே இல்ல. செத்துட்டார்னு நெனச்சேன். கையும் ஓடல, காலும் ஓடல. சாருக்குப் போன் பண்ணினேன்."

சார் என்றால் புன்னகை.

"கூரையைத் தூக்கி மாட்டு, துடை, ஸ்பேனரைப் போடு, நான் வந்து பார்த்த பிறகு போலீஸைக் கூப்பிடுன்னார். 'கொலைன்னா பேப்பர்ல ரெண்டு நாள் வரும். வண்டி கொன்னுச்சுன்னா நூறு வருஷப் பேரு போயிடும்'னார்."

"எனக்கும் வழியிலேயே போன்ல சொன்னார்" என்றாள் தலைவி. தலை நிமிர்ந்தே இருந்தது. "நான் ஜெயிலுக்குப் போறேன். பரவாயில்ல. தயவு செஞ்சு கொலை முயற்சின்னே எழுதுங்க. எட்டாயிரம் பேர் எங்க தொழிற்சாலைல வேலை செய்யறாங்க. டெல்வரா ஒருத்தர் மண்டையை உடைச்சதுன்னு நாளைக்கு வெளிய வந்தா, எவன் தன் குழந்தையை அதுல உட்கார வைப்பான்?"

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நான் இங்க வந்து ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. மூணு பேர் கொலைப்பழியையே ஏத்துக்கிட்டீங்க. பெரிய மனசுதான். ஆனா... 'அவர் எப்படி இருக்கார்'னு உங்கள்ல ஒருத்தர்கூட என்னைக் கேக்கல."

தலைவியின் முதுகு முதல் முறையாக வளைந்தது.

பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். கோட்டுப் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஏட்டு தன்னுடையதை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் வாங்கிக்கொண்டாள்.

"எனக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்ததே சித்தப்பாதான்" என்றாள். "விழுந்தா எனக்கு முன்னாடி அவர் அழுவார்... இப்ப எப்படி இருக்கார்?"

"ஆறு தையல். பிழைச்சுக்கிட்டார்."

சொல்லி வைத்தாற்போல் செல்போன் மறுபடி சிணுங்கியது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ... இன்ஸ்பெக்டரம்மாவா?" தளர்ந்த குரல். ஆனால் வகுப்பெடுத்துப் பழகிய குரல். "நான்தான் செத்துப்போனவன் பேசறேன்."

"சித்தப்பா!"

"குழந்தை, நீ அங்கதான் இருக்கியா? அழறியா என்ன? எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு டார்ச் எடுத்து அந்தக் கூரைச் சட்டத்துக்கு அடியில பாருங்க. அதைப் பார்க்கத்தான் கொக்கியைக் கழட்டினேன். பார்த்தேன். படிச்சேன். அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இல்ல."

ஏட்டு டார்ச்சோடு உள்ளே குனிந்தார். இரும்பில் எழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன.

"கா... கார்... மேடம்! கார்வெக்னு போட்டிருக்கு!"

இடி விழுந்த மாதிரி இருந்தது.

கார்வெக்! நூறு வருஷமாக டெல்வராவின் பரம விரோதி. எதிர்த் தெருவில் தொழிற்சாலை. இரண்டு கம்பெனி ஆட்களும் ஒரே கடையில் டீ குடிக்க மாட்டார்கள்.

"முதல் வண்டி... நம்மளுது இல்லையா?" தலைவியின் குரல் காற்றாகப் போனது.

ஒரு விநாடி.

இரண்டு விநாடி.

மூன்றாவது விநாடியில் புன்னகை துள்ளிக் குதித்தார்.

"அப்படின்னா மண்டையை உடைச்சது கார்வெக்! மேடம், என் வாக்குமூலத்தை வாபஸ் வாங்கறேன்! நான் அடிக்கல! கோப்பை வீட்டுலதான் இருக்கு!"

"நானும் அடிக்கல மேடம்!" என்றார் காப்பாளர். "ஸ்பேனர் தூக்கவே எனக்குத் தெம்பு கிடையாது!"

"ஐயா, வாக்குமூலம் என்ன சினிமா டிக்கெட்டா? வாங்கிட்டுத் திருப்பிக் கொடுக்க!" என்றார் ஏட்டு.

தலைவி மட்டும் அசையவில்லை.

"சித்தப்பா... அப்ப தாத்தா? தொட்டில், கனவு எல்லாம் பொய்யா? அடுத்தவன் வண்டியில நம்ம பேரை ஒட்டி ஊரை ஏமாத்தினாரா?"

"அதைத்தான்டா அந்த அத்தியாயத்துல எழுதினேன். உங்க பாட்டி பெட்டியில அவர் டைரி கிடைச்சது. இப்பவும் என் சட்டைப் பையிலதான் இருக்கு. படிக்கட்டுமா, கேளு. 'இன்று ஒரு கார்வெக் வண்டி கொண்டு வந்தேன். மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றினேன். கூரை என் தலையில் விழுந்தது. மூன்று தையல். குழந்தையின் தலையில் விழுந்திருந்தால்? இரவு முழுவதும் தூக்கம் இல்லை. யார் மண்டையையும் உடைக்காத ஒரு வண்டியை நானே செய்வேன்.' இதான்டா எழுதியிருக்கார். அந்தக் கைக்குழந்தை யார் தெரியுமா? உங்கப்பா!"



"அவர் செஞ்ச நிஜ முதல் வண்டி வரிசையில ரெண்டாவதா நிக்குது பாரு. அதோட கூரையை ஆட்டிப் பாரு."

தலைவி எழுந்து போனாள். இரண்டாவது வண்டியின் கூரைச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தாள். இம்மி அசையவில்லை. சட்டம் முழுக்கத் தடிமனாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது.

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே போனைக் கையில் வாங்கினாள்.

"சித்தப்பா, உங்க புத்தகம் நாளைக்கே அச்சுக்குப் போகுது. விழா முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றேன். வாசப்படி சமாச்சாரத்தை மறந்துடுங்க..."

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லம்மா. தலையில அடிபட்டவன்."

பதினோரு மணிக்குத் தலைவி மைக் முன் நின்றாள். புன்னகை எழுதிக் கொடுத்த பேச்சை நான்காக மடித்துக் கோட்டில் வைத்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். தாத்தாவின் மூன்று தையல். சித்தப்பாவின் ஆறு தையல். உடைந்த சிலை. காலையில் தான் போட்ட பொய்க் கையெழுத்தைக்கூட விடவில்லை.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு கைதட்டலில் கண்ணாடிகள் அதிர்ந்தன. முதல் வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து போய் இரண்டாவது வண்டியில் குழந்தையைப் படுக்க வைத்தாள். அது தூங்கியது. எல்லா டி.வி.யிலும் அதுதான் ஓடியது.

"இவ்வளவு வருஷம் முட்டையை வெச்சு வித்தோமே!" என்று புன்னகை தலையில் அடித்துக்கொண்டார்.

"மூணு பொய் வாக்குமூலத்துக்கும், தடயத்தை மறைச்சதுக்கும் தனியா வந்து ஸ்டேஷன்ல பதில் சொல்லணும்" என்றாள் இன்ஸ்பெக்டர். "மத்தபடி கேஸ் முடிஞ்சுது. கிளம்பலாம் ஏட்டய்யா."

"ஒரு நிமிஷம்!"

வாசலில் ஒரு கறுப்புக் கோட்டு. மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழுப்புக் காகிதம்.

"நான் கார்வெக் கம்பெனி வக்கீல். இப்பத்தான் டி.வி.யில பார்த்தேன். அந்த வண்டி எங்களோடது!"

"உங்களோடதுதான். யார் இல்லேன்னா?" தலைவி பெருமையாகச் சொன்னாள். "எங்க தாத்தா உங்ககிட்ட வாங்கினது."

"வாங்கினாரா? ரசீது இருக்கா?"

தலைவி திகைத்தாள். விழாவைக் கேட்பதற்காக, கையிலிருந்த இன்ஸ்பெக்டரின் போனில் சித்தப்பா இன்னும் லைனில்தான் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குழந்தை... நானும் அப்பவே யோசிச்சேன். டைரியில 'கொண்டு வந்தேன்'னுதான் எழுதியிருக்கார். 'வாங்கினேன்'னு எழுதல!"

வக்கீல் கண்ணாடிச் சட்டத்தை உயர்த்திப் பிடித்தார்.

"எங்க ஷோரூம் வாசல்ல நிறுத்தியிருந்த வண்டி. பட்டப்பகல்ல திருடு போச்சு. அன்னிக்கே போலீஸ்ல கொடுத்த புகார் இது. அடையாளமும் எழுதியிருக்கு. கறுப்பு நிறம், பித்தளை விளக்கு... கூரைக் கொக்கி கொஞ்சம் லூஸ்!"

இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கீழே முத்திரை. அவளுடைய ஸ்டேஷன் முத்திரைதான்! தேதி... சரியாக நூறு வருஷம், இரண்டு மாதம், நான்கு நாள் முன்பு.

அன்று காலை முதல் ஒருமுறைகூடச் சிரிப்புக்கு அசையாத அவள் உதடு ஒரு ஓரமாகத் துடித்தது.

"ஏட்டய்யா... திருட்டு வண்டி கண்டுபிடிக்கப்பட்டதுன்னு எழுதிக்கோங்க."

ஏட்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். பேனா முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"எழுதிடறேன் மேடம்... 'புகார் கிடைத்தவுடன் போலீசார் விரைந்து செயல்பட்டு'ன்னு ஆரம்பிக்கட்டுமா?"